சாக்குக்கு அரைக் கிலோ

கேள்வி: பிறருக்குச் செய்தது நமக்கே திரும்பும் என்கிறார்கள். என் கொழுந்தனார் கூடப்பிறந்தவர்களையே ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கியவர். இன்று வீடு, கார் என்று நன்றாகத்தான் இருக்கிறார். இப்போது எங்களிடமே கைமாற்றும் கேட்கிறார். எங்கே திரும்பியது?
ஒரு வாசகி, போடி

பதில்: சகோதரி, நானும் ஒருகாலத்தில் ஏமாற்றியவன்தான். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

1986-இல் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எடை போடும் வேலை பார்த்தேன். கம்பம், கூடலூர்ப் பெண்கள் விடியுமுன்பே ஜீப்பில் மலையேறி வருவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். ஆவணி மழையில் சேற்றில் குந்தி, காலில் அட்டை ஏற ஏற எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் எடுத்த கிலோவுக்குத்தான் கூலி. ‘ஈரக்காய்’ என்று சொல்லி சாக்குக்கு அரைக் கிலோ கழிப்பேன். ஈரம் எடை கூட்டும், சரி. வெயில் அடித்த நாளிலும் கழித்தேனே! முதலாளி சொல்லிக்கொடுத்தார் என்றாலும் கை என்னுடையது. கூடலூர் அக்கா ஒருவர் தராசு முள்ளைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் பேசாமல் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போவார்.

எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. சம்பளம்கூட ஏறியது. ஆனால் கம்பம் சந்தையில் தக்காளி வாங்கினால் கடைக்காரர் விரலையே பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் பால்காரர் படி மேல் சந்தேகம். தங்கை மாப்பிள்ளை சீட்டுக் கணக்கைக் காட்டியபோது, ‘எங்கே கழித்திருப்பார்?’ என்றுதான் முதலில் தோன்றியது. அவர் ஒரு பைசா தவறாதவர். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. தினமும் செய்த வேலை என் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை அடைபட்டபோது, என் அண்ணி அங்கே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சி அவரைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான்கு நாள் கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார். அண்ணி அவருக்கு முன்பு எதுவும் செய்ததில்லை. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்த எண்ணம், ‘அந்தம்மா என்ன எதிர்பார்க்கிறாரோ?’ என்பதுதான். 25 வருஷம் கழித்தும்! அன்று ராத்திரி தூங்கவில்லை.

உங்கள் கொழுந்தனாரின் காரை விடுங்கள். வீட்டில் ஒருவரையாவது நம்பிச் சாவியைக் கொடுக்கிறாரா, பாருங்கள்.

கைமாற்று கொடுப்பதானால் புரோநோட் எழுதி, அவர் எதிரிலேயே சத்தமாகப் படித்துக்காட்டி, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.