முயல் நோயும் மூன்று வரிக் கணக்கும்

கேள்வி: காட்டு விலங்குகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறேன். அதற்குக் கணக்கு எதற்கு? நாளாக நாளாகக் கிருமிகள் சாதுவாகிவிடும் என்பது உண்மையா?
– பிளஸ் டூ மாணவி, போடிநாயக்கனூர்

பதில்: கல்லூரியில் 31 வருடம் கணக்கு நடத்தியவன் நான். இந்தக் கேள்வி வந்தால் ஆஸ்திரேலிய முயல்களைத்தான் கரும்பலகைக்கு இழுப்பேன்.

1859இல் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக விட்ட முயல்கள் கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தன. அவற்றை ஒழிக்க 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். தொற்றிய 100 முயல்களில் 99 செத்தன. ஆனால் சில ஆண்டுகளிலேயே, மெதுவாகக் கொல்லும் வகைகள் மேலோங்கிவிட்டன. ஃபிராங்க் ஃபென்னர் என்ற வைரஸ் ஆய்வாளர் அவற்றைத் தரம் பிரித்து அளந்தார். அந்த அளவுகளை 1982இல் சமன்பாட்டில் பொருத்திக் காட்டியவர்கள் ஆண்டர்சனும் மேயும்.

நீயும் நோட்டை எடு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. கொடிய வகை, கொசு மூலம் நாளொன்றுக்கு 2 முயல்களுக்குத் தொற்றுகிறது; ஆனால் 10 நாளில் முயல் செத்துவிடுகிறது. பெருக்கினால், ஒரு முயலிலிருந்து தொற்றும் முயல்கள்: 20. நடுத்தர வகை நாளுக்கு 1.5, முயல் 22 நாள் தாங்குகிறது: 33. சாதுவான வகையில் தோலில் கிருமி குறைவு, கொசுவின் வாயில் அதிகம் ஒட்டாது. நாளுக்கு 0.5; 30 நாளில் முயல் குணமாகிறது: 15. நடுத்தரம்தான் ஜெயிக்கிறது. சாதுவாவதால் வைரஸுக்கு லாபமில்லை.

முயலும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் யுரானா ஏரிப் பகுதியில் பிடித்த முயல்களுக்கு, ஒவ்வொரு கொள்ளைநோய்க்குப் பிறகும், மாறாத ஒரே வகை வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். 90 விழுக்காடாக இருந்த இறப்பு, ஏழு அலைகளில் 30க்கும் கீழே இறங்கியது. வைரஸ் மாறவில்லை என்பதால் மாறியது முயல்தான் என்று உறுதியாயிற்று. எவ்வளவு அழகான சோதனை!

இப்போது கணக்கைத் திருத்து. முயலின் எதிர்ப்பாற்றல் கூடிவிட்டது. கொடிய வகையையும் 20 நாள் தாங்குகிறது. நடுத்தர வகையை 12 நாளில் விரட்டிவிடுகிறது. பெருக்கினால் 40, 18. கொடியதன் கை ஓங்குகிறது. 1990களில் காட்டில் கிடைத்த வைரஸ்களைப் பழகாத ஆய்வக முயல்களுக்குச் செலுத்தியபோது, அந்த முயல்களின் எதிர்ப்பாற்றலே நொறுங்கிப்போயிற்று.

நாளாக நாளாகக் கிருமிகள் சாதுவாகிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த நோட்டைக் காட்டு.