‘நானும் ராயபுரம்தான் அக்கா!’

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சீட்டு எடுத்த பணத்தில், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு, மாமியாரையும் சேர்த்து ஆறு பேர் அந்தமான் போகலாம் என்று இருக்கிறோம். ஃபேஸ்புக்கில் பார்த்த ஒருவர் விமான டிக்கெட், ஓட்டல், கப்பல், கார் எல்லாம் சேர்த்து ஐந்து இரவுக்கு ஆளுக்கு 13,999 ரூபாய் என்கிறார். ‘நானும் ராயபுரம்தான் அக்கா, இன்றைக்குள் பாதிப் பணம் போட்டால்தான் இந்த ரேட்’ என்று தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். நம்பலாமா? அங்கே போன பிறகும் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-81

பதில்: அன்புச் சகோதரி, இன்னும் பணம் போடவில்லை என்றால் போடாதீர்கள். அவர் மோசடிக்காரர் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவரை நம்ப உங்களிடம் இப்போது இருக்கும் ஒரே ஆதாரம், அவரும் ராயபுரம் என்று அவரே சொன்னதுதான்.

நம் ஏரியா, நம் பேச்சு என்றதும் மனசு இளகிவிடும். எனக்கும் இளகியது. சில வருடங்களுக்கு முன் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில், வாய் நிறைய ‘அக்கா’ போட்ட ஒருவரிடம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு அம்மாவுடன் அந்தமானில் போய் இறங்கினேன். டிரைவர் எங்களை வேறு ஏதோ ஓட்டலில் கொண்டுபோய் விட்டார். “நீங்க புக் பண்ண இடத்துல தண்ணி பிரச்சினை மேடம், இது அதைவிட நல்ல ஓட்டல்” என்றார். அறை ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பேசிய ஆளின் போன் அணைந்திருந்தது. மறுநாள் காலை முதலில் சொன்ன ஓட்டலுக்கே நடந்து போய்க் கேட்டேன். தண்ணீர்ப் பிரச்சினையும் இல்லை, என் பெயரில் புக்கிங்கும் இல்லை. என் கையில் இருந்தது அந்த ஆளே தயாரித்து அனுப்பிய ஒரு படம் மட்டும்தான்.

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கும்போது, எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவீர்களா? இங்கேயும் அப்படித்தான். முதலில் நீங்கள் போகும் தேதிக்கு போக, வர விமானக் கட்டணம் எவ்வளவு என்று விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தத் தொகையே 13,999-ஐத் தாண்டி நின்றால், அவர் ஓட்டலையும் காரையும் எந்தப் பணத்தில் தரப்போகிறார்?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் விமான டிக்கெட்டுக்கு மட்டும் பணம் கொடுங்கள். பிஎன்ஆர் எண் (டிக்கெட்டின் பதிவு எண்) வந்ததும், ஆறு பேருடைய பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, டிக்கெட் ‘கன்ஃபர்ம்’ ஆகியிருக்கிறதா என்று விமான நிறுவனத் தளத்திலேயே பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். டிக்கெட்டைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டலுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் எத்தனை அறை, எத்தனை இரவு என்று கேளுங்கள். கூகுள் மேப்பில் இருக்கும் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், அதையே மாற்றி வைக்கிறார்கள். இன்னொரு புக்கிங் தளத்திலும் அதே நம்பர் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

அவரிடம் ஜிஎஸ்டி எண் கேளுங்கள். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். ‘கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு, தம்பி நம்பருக்கு ஜீபே போடுங்க’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய ‘பின்’ (PIN) நம்பரைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது திருட்டு. நமக்குப் பணம் வர ரகசிய நம்பர் எதற்கு? ஓட்டல் புக்கிங், சுற்றுலா பேக்கேஜ் பெயரில் போலித் தளங்கள் நடப்பதாக மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க முடியும்.

அவர் அனுப்பிய பயணத் திட்டத்தையும் உட்கார்ந்து படியுங்கள். ஹேவ்லாக் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஒரே இடத்தைப் பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் போட்டு இரண்டு இடமாகக் கணக்குக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நிக்கோபார் தீவில் இறக்கிச் சுற்றிக் காட்டுவதாக ஒரு வரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே போகத் தனி அனுமதி வேண்டும், சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அது எளிதில் கிடைக்காது.

சீசனில் தீவுக்குத் தீவு போகும் கப்பல் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு, தனியார் கப்பலில் வேகம் அதிகம். எதுவானாலும் எந்தக் கப்பல், எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு என்று உங்கள் பெயர் போட்ட டிக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள். (நம் துறைமுகத்திலிருந்தே அந்தமானுக்குக் கப்பல் போகிறதே என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். போக மட்டும் மூன்று நாள் அளவுக்கு ஆகும், இந்த விடுமுறைக்குள் அடங்காது.)

அங்கே போனபின் சிக்கல்கள் பெரும்பாலும் சின்னத் தொகையில்தான். ஸ்கூபா டைவிங்கில் ‘போட்டோ, வீடியோ ஃப்ரீ’ என்பார்கள், மேலே வந்ததும் பென்டிரைவுக்குத் தனிக் காசு கேட்பார்கள். தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம், கரையில் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்று முன்பே பிரித்துக் கேளுங்கள். உடல்நிலை பற்றி ஒரு படிவம்கூடக் கொடுக்காமல் இறக்குகிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். ஊர் திரும்பும் நாளில் டைவிங் வைத்திருந்தால் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். டைவ் செய்த பிறகு விமானம் ஏற ஒரு நாளாவது இடைவெளி வேண்டும், இது உயிர் விஷயம்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நம்பர் இருக்கிற வண்டியாக எடுங்கள். கீறல்களை எல்லாம் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸின் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரவில் கடல் ஒளிர்வதைக் காட்டுகிறோம் என்று கயாக் படகுக்குக் கூப்பிடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலா வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது, அதைச் சொல்லாமலே காசு வாங்கிவிடுவார்கள். ஹேவ்லாக்கில் சிக்னல் படுத்தும். ‘உங்க பணம் வரலை’ என்று இரண்டு முறை கட்ட வைக்கும் பேச்சு வராமல் இருக்கக் கொஞ்சம் சில்லறை நோட்டு எடுத்துப் போங்கள். கடற்கரையில் யாராவது பவளம், பெரிய சங்கு மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தைத் தொடவே கூடாது. விமான நிலைய ஸ்கேனரில் மாட்டப்போவது நீங்கள், விற்றவர் அல்ல.

பாராடாங் தீவுக்குப் போகும் வழி ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளே போகிறது. ‘ஜாரவாவைக் காட்டுகிறேன், தனியா ஐநூறு குடுங்க’ என்று டிரைவர் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். அதைவிட, அவர்களும் நம்மைப் போலக் குடும்பம் குட்டியோடு தங்கள் வீட்டில் இருப்பவர்கள். பிள்ளைகளிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

மாமியாருக்கு வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் சன்னலோர இருக்கைக்கு அடம்பிடிக்காமல் நடு வரிசையில் உட்கார வையுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. அந்த ராயபுரம் தம்பியிடம் இன்றே பிஎன்ஆர் கேளுங்கள். கோபப்பட்டு பிளாக் செய்தார் என்றால் உங்கள் சீட்டுப் பணம் தப்பியது. ஒருவேளை பணத்தை ஏற்கெனவே போட்டுவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதினீர்கள் என்றாலும் கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள், 1930-க்கு அழைத்த பிறகு.