ஸ்டவுட் துவர்க்கிறது, தண்ணியாகவும் இருக்கிறது: பதில்

வணக்கம் நண்பரே. வீட்டில் காய்ச்சிய ஸ்டவுட் (கறுப்பு பீர்) துவர்ப்பாகவும் தண்ணியாகவும் வந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பர்ஸ் ஸ்டவுட் டின்னோடு (பீர் காய்ச்சுவதற்கென்றே வரும் கெட்டியான மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிப் பாகு) ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரையும், அரைக் கிலோ வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்த சாறும் சேர்த்து 23 லிட்டர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். டின் மேல் தப்பில்லை.

பார்லியைக் கொதிக்கவிட்டதுதான் வினை. உமியிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொதிநீரில் இறங்கிவிடும். டீத்தூளை அடுப்பிலேயே மறந்துவிட்டால் நாக்கு வறளுமே, அதே துவர்ப்பு. அடுத்த முறை 250 கிராம் போதும். மாவாக்காமல் ஒன்றிரண்டாக உடைத்து, துணிப்பையில் கட்டி, 3 லிட்டர் தண்ணீரில் 65–70 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பையைப் பிழியவே வேண்டாம், தானாக வடியட்டும். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இறங்கும் அந்தச் சாற்றை மட்டும் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் சேருங்கள். தானியத்தில் ஒட்டியிருக்கும் கிருமிகள் பீரைப் புளிப்பாக்கிக் கெடுத்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

தண்ணியாக இருப்பதற்குச் சர்க்கரைதான் காரணம். ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும், வாயில் கனமே தெரியாது. அதற்குப் பதில் ஒரு கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் (மால்ட் சாற்றை உலர்த்திய தூள்) போட்டு 21 லிட்டரோடு நிறுத்துங்கள். அதே பையில் 200 கிராம் கிரிஸ்டல் மால்ட்டும் (இனிப்பேற வறுத்த மால்ட்) போட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போதுள்ள பாட்டில்களைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மாதம் இருட்டில் வைத்துப் பாருங்கள், துவர்ப்பு கொஞ்சம் தணியும்.