வேனில் தண்ணீர் டேங்க்: பிரஷர் வாஷ் வேலைக்கு வண்டி தயார் செய்பவர்களின் கேள்விகள்

வேனில் இடம் நிறைய இருக்கிறது. 1000 லிட்டர் டேங்க் வைக்கலாமா?

இடத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1000 லிட்டர் என்றால் ஒரு டன். டேங்க், மெஷின், ஹோஸ், எரிபொருள், நீங்கள் எல்லாம் அதற்கு மேல். தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றி, நீங்களும் உட்கார்ந்து, வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையில் மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான் தண்ணீர். பின் அச்சின் எடையைத் தனியாகவும் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு தாண்டிவிடுவதுண்டு.

400 லிட்டர்தான் தாங்கும் என்று தெரிகிறது. மெஷின் நிமிடத்துக்கு 15 லிட்டர் குடிக்கும். போதுமா?

டேங்கை மட்டும் நம்பினால் 26 நிமிடம் வரும். வேலை இடத்தில் குழாய் இருந்தால் கணக்கே மாறும். குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் டேங்கில் குறைவது 5 லிட்டர்தான், 80 நிமிடம் ஓடும். மிதவை வால்வு போட்டு நிரப்புங்கள். நிரப்பும் ஹோஸின் முனை தண்ணீருக்குள் மூழ்கவே கூடாது. இல்லாவிட்டால் டேங்க் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு அந்த வீட்டுக் குடிநீர்க் குழாயில் கலந்துவிடலாம்.

டேங்கை எந்த இடத்தில் வைப்பது?

பின் அச்சுக்குச் சற்று முன்னால், முடிந்தவரை தாழ்வாக, இடது வலது சமமாக. அச்சுக்குப் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும்.

அதைவிட முக்கியம், கட்டுவது. முதல் வண்டியில் டேங்கைத் தரையில் போட்ட பிளைவுட்டோடு ஸ்க்ரூ போட்டுக் கட்டியிருந்தேன். பாதித் தண்ணீரோடு போகும்போது ஒரு பிரேக். முதலில் தண்ணீர் முன்னால் மோதியது, அப்புறம் டேங்கே கிளம்பி வந்து என் சீட்டின் முதுகில் இடித்தது. ஸ்க்ரூக்கள் மரத்தூளோடு தரையில் கிடந்தன. பெல்ட்டை வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டுத்தான் கட்ட வேண்டும். உள்ளே தடுப்புகள் உள்ள டேங்காக வாங்குங்கள். அலை அடிப்பது பாதி டேங்கில்தான் அதிகம்.

பம்ப் கடகடவென்று சத்தம் போடுகிறது, அழுத்தமும் ஏறி இறங்குகிறது. பம்ப் போய்விட்டதா?

பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பம்ப்புக்குத் தண்ணீர் போதாமல்தான் இப்படி ஆகும். ஓடும்போது டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கையால் பிடியுங்கள். தட்டையாகியிருந்தால் ஹோஸ் மெலிது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. கிளிப் தளர்ந்து காற்று இழுத்தாலும் இதே சத்தம்தான். பம்ப் டேங்கின் வாயைவிடக் கீழே இருக்கட்டும். ஹோஸ் குட்டையாக, வளைவு குறைவாக, பம்ப்பின் வாய்க்குக் குறையாத அகலத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் பீச்சும் கன்னின் விசையை விட்ட பிறகு பம்ப் ரொம்பச் சுடுகிறதே?

அதே கொஞ்சத் தண்ணீர் பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகிறது. சீல்கள் போய்விடும். பைபாஸ் தண்ணீரை, அதாவது கன் மூடியிருக்கும்போது பம்ப்பில் சுற்றும் தண்ணீரை, டேங்குக்கே திருப்பிவிடுங்கள், வெளியேறும் வாய்க்கு எதிர்ப் பக்கமாக.

பெட்ரோல் எஞ்சினைக் கதவு திறந்து வைத்து வேனுக்குள் ஓட்டலாமா?

வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கதவு திறந்திருப்பது போதவே போதாது. எஞ்சினை வெளியே இறக்கி ஓட்டுங்கள். உள்ளேயேதான் வைக்க வேண்டும் என்றால், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் புகைக்குழாயைக் கசிவில்லாமல் வண்டிக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். காற்று வந்து போகத் தனி வழியும் வேண்டும். எரிச்சலூட்டும் செலவுதான், ஆனாலும் தயவுசெய்து செய்யுங்கள்.

கறுப்பு டேங்கா, வெள்ளையா?

கறுப்பு. வெளிச்சம் போகாது, பாசி பிடிக்காது. மட்டம் பார்க்கப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் வையுங்கள்.