குண்டு துளைத்தும் மான் ஓடியது ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடும் என் மச்சான், சொல்லிச் செய்த .308 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரைபிளில் (குழல் 16 அங்குலம்) 400 கெஜத்தில் மானைச் சுட்டாராம். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) முழுச்செம்புக் குண்டு நெஞ்சைத் துளைத்தும் மான் ஓடிவிட்டதாம். துப்பாக்கிக் கோளாறா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: துப்பாக்கி மேல் பழி வேண்டாம், வேகம்தான் போதவில்லை போலும். 16 அங்குலம் என்பது குட்டைக் குழல். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 25 அடி வேகம் போகும். 400 கெஜத்தில் 1,900 அடிக்குப் பக்கம்தான் மிஞ்சியிருக்கும். செம்பு கெட்டி, அந்த வேகத்தில் முனை பூப்போல் விரியாமல் பென்சில் துளை போட்டுப் போய்விடக்கூடும். மான் பிறகு கிடைத்திருந்தால், நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவா என்று பார்க்கச் சொல்லுங்கள்; ஒரே அளவென்றால் குண்டு விரியவில்லை. எடை குறைந்து வேகமாய்க் கிளம்பும் 130 கிரெய்னுக்கு மாறலாம், அல்லது 250 கெஜத்துக்குள் சுடலாம். நுரையீரலில் பட்ட மான் எப்படியும் கொஞ்ச தூரம் ஓடும்.

நம் ஓசூர் காட்டுப் புள்ளிமானிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது: 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்தான்.