மூன்றாம் வகுப்பு சராசரி 50-லிருந்து 45 ஆனது: மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் காரணமா?

டீச்சர், வீட்டுத் தொழில்மேல் பழி போடும் முன் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். தேர்வுக்கு வராதவர்களுக்கு 0 போட்டிருக்கிறதா? 22 பேரில் 20 பேர் சராசரியாக 50 எடுத்து, வராத இருவருக்கு 0 போட்டால் 1000-ஐ 22-ஆல் வகுக்க 45.5 வரும். உங்கள் சரிவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். வராதவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள்.

அடுத்து, வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் பிரியுங்கள். ‘மீனவர்’ என்று ஒரே கட்டம் போட்டால் ஒன்றும் விளங்காது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும்போது அந்த வீட்டில் கையில் காசிருக்காது. அந்தத் தடை இல்லாத நாட்டுப்படகு வீட்டுக் கதை வேறு. அம்மா கடற்பாசி எடுக்கப் போகும் வீட்டில், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் அன்று வீட்டில் நின்றுவிடுவாள். எந்தக் கிழமை வரவில்லை என்று பார்த்தாலே பாதி புரியும்.

சாதி, சமய வாரியாகச் சராசரி போட வேண்டாம். ஐந்து பேர் குழுவில் ஒரு பிள்ளை 50 மதிப்பெண் இழந்தால் சராசரி 10 சரியும். அதைவிட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் கற்றல் நிலைகளை (அரும்பு, மொட்டு, மலர் என ஒன்றுக்கு மேல் ஒன்று) பாருங்கள்: ஜூனில் அரும்பில் இருந்த அதே பிள்ளை இப்போது மொட்டுக்கு வந்ததா? இடையில் சேர்ந்தவர்களைத் தனியாக எழுதுங்கள்.