பொய்க்காகவா செத்தார்கள்?

கேள்வி: தேசம் என்பதே கடந்த இருநூறு ஆண்டுகளில் உருவாக்கப்பட்டதுதான் என்ற மார்க்சிய வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமைப் போன இதழில் பாராட்டியிருந்தீர்கள். அப்படியானால் நாட்டுக்காக உயிர்விட்டவர்கள் ஒரு பொய்க்காகவா செத்தார்கள்?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை. உருவாக்கப்பட்டது என்றால் பொய் என்று யார் சொன்னது? நீங்கள் கட்டியிருக்கும் வேட்டியும் யாரோ பாவு ஓட்டித் தறியில் நெய்ததுதான், அதனால் அது வேட்டி இல்லை என்று ஆகிவிடுமா? எப்போது நெய்தார்கள், யார் நெய்தார்கள், யாருக்கு எட்டாமல் போனது என்று கேட்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை, ஹாப்ஸ்பாம் அதைத்தான் செய்தார்.

மனிதர் அலெக்சாண்டிரியாவில் 1917ல் யூதக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவிலும் பெர்லினிலும் வளர்ந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல் லண்டனுக்குப் போனவர். தேசம் என்ற சொல் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட வயதிலேயே பார்த்துவிட்டார். தேசம் அரசை உண்டாக்குவதில்லை, அரசும் தேசியவாதமும்தான் தேசத்தை உண்டாக்குகின்றன என்றார். அவர் காட்டும் கணக்கைப் பாருங்கள்: 1789 புரட்சியின்போது பிரான்சில் பாதிப் பேருக்கு பிரெஞ்சே தெரியாது. 1861ல் இத்தாலி ஒன்றானபோது வீட்டில் இத்தாலியன் பேசியவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். மற்றவர்களைப் பள்ளிக்கூடமும் பட்டாளமும் சேர்ந்து இத்தாலியர்களாக்கின. தன் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹெராயினுக்கு அடிமையானவனுக்குக் கசகசாச் செடி பயிரிடுகிறவன் எப்படியோ, தேசியவாதத்துக்கு வரலாற்றாசிரியன் அப்படி, சரக்கு நம்மிடமிருந்துதான் போகிறது என்றார்.

சரி, ஐரோப்பா வேண்டாம், நம்ம ஊருக்கு வருவோம். போன மாதம் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே மகளிடம் சௌராஷ்டிரத்தில் பேசினார், வாசலுக்கு வந்த சாயக்காரரிடம் தெலுங்கில் கணக்குக் கேட்டார், என்னிடம் தமிழில் காபி சாப்பிடுங்கள் என்றார். ஒரு மொழி, ஒரு இனம், ஒரு தேசம் என்று கோடு போடுகிறவர் அந்த வீட்டுக்குள் எங்கே போடுவார்?

அப்புறம், ஏற்காட்டுக்கு மேலே ஏறிப் போனால் தங்களை மலையாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சேலம் மாவட்டத்தில் அவர்கள் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளோ அந்தச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள். மாறியது மாவட்டம்தான். நீ யார் என்பதை அரசின் பட்டியல் முடிவு செய்யும்போது வயிற்றில் அடி விழுவது எளியவனுக்கு என்பதால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம்.

ஹாப்ஸ்பாம் சொன்னதையெல்லாம் நான் அப்படியே ஏற்கவில்லை. 1990ல் எழுதிய புத்தகத்தில் தேசியவாதம் உச்சத்தைத் தாண்டிவிட்டது என்றார், மறு ஆண்டே யூகோஸ்லாவியா உடைந்தது, சோவியத் ஒன்றியமும் சிதறியது. சிறிய இனங்களின் மொழிக் கோரிக்கைகளையும் அவர் கொஞ்சம் எட்ட நின்றே பார்த்தார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், இதே சேலத்தில். மாநாட்டில் தீர்மானம் போட்டு வைத்த பெயர்தான், ஆனால் அது எத்தனை பேரைத் தலைநிமிர வைத்தது! அந்தச் சூட்டை அவர் எழுத்தில் நான் காணவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். 1950 பிப்ரவரி 11, நாடு குடியரசாகி 16 நாள். நம் சேலம் மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, 22 பேர் செத்தார்கள். பலர் மலபார் விவசாயிகள், மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்று கேட்டவர்களைச் சுட்டது வெள்ளைக்காரன் இல்லை. நாட்டுக்காக உயிர்விட்டவர்கள் என்று எழுதினீர்களே, எழுதும்போது உங்கள் மனதில் இருந்த பட்டியலில் இந்த 22 பேரும் உண்டா? அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.